திரும்பப் பெற முடியாத இரண்டு மெயில்கள்

நான்கு வரி நிரலைத் திருத்த எனக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. அதை அனுப்புவதற்கு எழுத வேண்டிய ஆங்கில மெயிலுக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உதிரிபாகங்களைச் சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் கம்பெனி ஒன்றில் நான் அப்போது டிப்ளமோ ட்ரெய்னி. ஓராண்டுப் பயிற்சி முடிய ஐந்து வாரம் இருந்தது. முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று லெட்டர் வரும், அல்லது வராது. என் அப்பாவும் அங்கேதான், கான்ட்ராக்டில். ஃபர்னஸிலிருந்து சிவப்பாக வெளியே வரும் கூடையை எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்குகிற இடத்தில் நிற்பார். நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். என்னை அங்கே சேர்க்கச் சொல்லி மெயின்டனன்ஸ் இன்சார்ஜிடம் கேட் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். அதனால் நான் எதைச் செய்தாலும் "இன்னார் பையன்" செய்ததாகத்தான் கணக்கு.

ஃபர்னஸின் வெப்பநிலையைப் பதிவு செய்ய பேனல் ரூமில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். அதில் ஓடியது இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியது. அது அவ்வப்போது வெப்பநிலையைப் பூஜ்யம் என்று காட்டியது. எண்ணூற்று நாற்பது, எண்ணூற்று நாற்பது, திடீரென்று பூஜ்யம். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டேன். சரி செய்ததை அவர்களுக்கும் கொடுக்கலாமே என்று தோன்றியது.

அங்கே கொடுப்பது மெயிலில்தான். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி; அப்படி மாற்றத்தை மட்டும் காட்டுகிற சின்னக் கோப்புக்குப் பேட்ச் என்று பெயர். ஒரு மாற்றத்துக்கு ஒரு மெயில். ஏன் மாற்றினோம் என்று மேலே நாலு வரி எழுத வேண்டும். கடைசியில் பெயரும் மெயில் ஐடியும். அதை ஒரு பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால் அதில் இருக்கிற எல்லோருக்கும் போகும். போகிற ஒவ்வொரு மெயிலும் இணையத்தில் ஒரு பக்கத்தில் நிற்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழையதைப் புரட்டிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன்னால் தப்பாக அனுப்பியவன் வாங்கிய திட்டு, தேதியோடு அப்படியே இருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் பதினோரு நாள் ஆனது. ஒரு வாக்கியம் எழுதுவேன், இலக்கணம் சரியா என்று சந்தேகம் வரும், அழிப்பேன். பாலிடெக்னிக்கில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கே பயப்படுவேன். ஆனால் அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர். இங்கே எத்தனை பேர் என்றே தெரியாது.

எந்த ஐடியிலிருந்து அனுப்புவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கம்பெனி ஐடி. சேர்ந்த முதல் வாரம் அதைக் கொடுத்தபோது, வீட்டில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் காட்டினேன். சொந்த ஐடியிலிருந்து போனால் யாரோ ஒருவன். கம்பெனி பெயரோடு போனால் ஒரு ஆள் என்று நினைப்பார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எதிர் ஷிஃப்டில் வேலை செய்தவர் மீஞ்சூர்க்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், அண்ணா என்பேன். கம்பெனிக்குள் பென் டிரைவ் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் சோதிப்பார்கள். அதனால் பேனல் ரூம் கம்ப்யூட்டரில் நாங்கள் இருவரும் செய்கிற மாற்றங்களையும் இதே மாதிரி பேட்ச் ஆக்கி, ஒருவருக்கொருவர் மெயிலில் அனுப்பிக்கொள்வோம். நான்தான் அவருக்குப் பழக்கினேன். அனுப்ப வேண்டியதை எல்லாம் என் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சர்ச் மணி இரண்டாவது தடவை அடித்துவிட்டது. அம்மா புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கினு குடித்தனம் பண்ணு. நான் போறேன்."

"ஒரே நிமிஷம்மா."

"ஒன் ஒரு நிமிஷத்துல ஃபாதரு பிரசங்கம் முடிச்சி டீ குடிக்கப் பூடுவாரு."

அன்றைக்கு அனுப்பாவிட்டால் இன்னும் பதினோரு நாள் போகும் என்று எனக்குத் தெரியும். கட்டளையை டைப் செய்தேன். கோப்பின் பெயர் நீளமாக இருந்ததால் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டேன். அந்தக் குறிக்கு, ஃபோல்டரில் உள்ள எல்லா பேட்ச்சும் என்று பொருள். அனுப்பட்டுமா, ஒவ்வொன்றாகவா, எல்லாமா என்று திரை கேட்டது. ஒன்றுதானே இருக்கிறது என்ற நினைப்பில் 'எல்லாம்' என்பதை அழுத்தி, லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன்.

பிரசங்கத்தின் நடுவில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு தடவை. உடனே இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. அதற்குள் மூன்று பேர் பதில் போட்டுவிட்டார்களா என்று ஒரு சந்தோஷம். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போனை வைத்துப் பார்த்தேன்.

மூன்றுமே என் பெயரில் இருந்தன. பட்டியலுக்குப் போனதன் நகல்கள். முதலாவது என் பதினோரு நாள் ஆங்கிலம். இரண்டாவதன் தலைப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: "அண்ணா புது பாஸ்வேர்டு போட்டுட்டேன், ஒரு தடவ செக் பண்ணுங்க." மூன்றாவது: "அந்த கியர் பார்ட்டுக்கு டெம்பரேச்சர் மாத்தியாச்சு."

எல்லோரும் பாட்டுக்கு எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அம்மா தொடையில் கிள்ளியதும்தான் எழுந்தேன். எழுந்து முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது மெயிலில், வெளியிலிருந்து பேனல் ரூம் கம்ப்யூட்டருக்குள் வருவதற்கான முகவரி இருந்தது. கழித்தல் குறியோடு பழைய பாஸ்வேர்டு, கூட்டல் குறியோடு புதியது. மூன்றாவதில் ஒரு கஸ்டமரின் பார்ட் நம்பரும், அதை எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்ற முழு விவரமும். அந்தக் கஸ்டமரின் ஆட்கள் வந்தால் இன்சார்ஜின் போன் கேமராவில்கூட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்கள். அவ்வளவு கறார். இவை எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர், கம்பெனி பெயரோடு கூடிய என் ஐடி.

படிக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது. பாஸ்வேர்டுக்கும் டிகிரிக்கும் தமிழ் தேவையில்லை என்பது அடுத்த கணமே உறைத்தது.

பாட்டு முடிவதற்குள் வெளியே வந்து, சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்று ஒரு மெயில் எழுதினேன். பதினோரு நாள் எழுதியவன் இதை ஒன்றரை நிமிடத்தில் எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது மெயில்கள் ரகசியமானவை, தயவுசெய்து திறக்காமல் அழித்துவிடுங்கள். பதில் போட்டால் எல்லோருக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அந்தப் பட்டியலின் வழக்கம். படித்துப் படித்து அது என் விரலிலேயே ஊறியிருந்தது. எல்லோருக்கும் என்று அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அதுவரை திறக்காதவனையும் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்று ஓய்வு.

"இன்னாடா, நாஷ்டாகூட துன்னல இன்னும்."

நடந்ததைச் சொன்னேன்.

"அதுல எம் பேரு எங்கனா கீதா?"

"இல்லண்ணா. வெறும் அண்ணான்னுதான் கீது."

"அப்ப சரி. ஊருல எத்தினி அண்ணன் கீறான்." சிரித்தார். நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "தோ பாரு, பேஜாரு பண்ணாத. எவனோ எங்கயோ குந்திக்கினு கீறவன், நம்ம கும்மிடிப்பூண்டி ஃபர்னஸ வச்சி இன்னா பண்ணப் போறான்? நாளைக்கி காலைல போயி பாஸ்வேர்ட மாத்திடு. யாரு கிட்டயும் மூச்சு உடாத. ஒனக்கு இன்னும் அஞ்சு வாரம் கீதுடா."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அதைச் சொல்லட்டும் என்றுதான் அவருக்குப் போன் போட்டேன்.

போனை வைத்த கையோடு பட்டியலிலிருந்து முதல் பதில் வந்தது. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் எழுதியிருந்தார். திட்டவில்லை. முதல் மாற்றம் சரியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன், நன்றி. மற்ற இரண்டும் எங்களுக்கானவை அல்ல என்று நினைக்கிறேன். இங்கே வந்த மெயிலை அழிக்க வழியில்லை, பல இடங்களில் நகல் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

எந்த வார்த்தைக்காகப் பதினோரு நாள் கிடந்தேனோ அது முதல் வரியிலேயே இருந்தது. கண் அதில் நிற்கவில்லை. 'காத்திருக்காதீர்கள்' என்பதில்தான் நின்றது. அப்போதுதான் நைனாவின் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபர்னஸ் மட்டும் ஓடும். அன்றைக்கு அவருக்கு டூட்டி. அந்தக் கம்ப்யூட்டரில் வெப்பநிலையை வெளியிலிருந்து பார்க்க ஒரு வழி வேண்டும் என்று மட்டும்தான் இன்சார்ஜ் கேட்டிருந்தார். பார்ப்பதோடு மாற்றுவதற்கும் வழி வைத்தது நானும் அண்ணனும். பேனல் ரூமுக்கு நடக்கிற சோம்பேறித்தனம். இன்சார்ஜுக்கு அது தெரியாது. யாரோ ஒருவன் விளையாட்டுக்கு உள்ளே வந்து எண்ணூற்று நாற்பதை ஆயிரம் ஆக்கினால், கூடை அந்தச் சூட்டோடு எண்ணெய்க்குள் இறங்கும். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒருமுறை எண்ணெய் மேலே தீ பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அணைப்பதற்குள் நைனாவின் முன்கை ரோமம் பொசுங்கிவிட்டது. சூடு மீறினால் கத்துவதற்குத் தனியாக ஓர் அலாரம் உண்டு. சும்மா சும்மா கத்துகிறது என்று யாரோ அதன் வாயில் துணி அடைத்து வைத்திருந்தார்கள்.

பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்ற வழியில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். நைனாவைக் கூப்பிட முடியாது. தொழிலாளர்களின் போன் கேட்டிலேயே லாக்கருக்குப் போய்விடும். உள்ளே போன் வைத்திருப்பது இன்சார்ஜ் ஒருவர்தான்.

வயல் ஓரமாக சைக்கிளை மிதித்துக்கொண்டே இரண்டு தடவை அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காதபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், எடுத்துவிடப் போகிறாரே என்று பயம். நின்றவுடன், நைனா இந்நேரம் கூடையைத் தூக்கியிருப்பார் என்று பயம். பொன்னேரி பிளாட்பாரத்தில் நின்று மூன்றாவது தடவை போட்டேன்.

"சொல்லுப்பா."

"சார், பேனல் ரூம் கம்ப்யூட்டர்ல நெட் ஒயர கழட்டிடுங்க சார். இப்பவே."

"எதுக்கு?"

"பாஸ்வேர்டு வெளிய போயிடுச்சி சார்."

"யாரு வெளிய விட்டா?"

வரும் வழியில் இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். யாரோ திருடியிருக்கலாம், மெயில் ஐடியை யாரோ உபயோகித்திருக்கலாம் என்கிற மாதிரி. வாய் திறந்தபோது அது வரவில்லை.

"நான்தான் சார்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஃபர்னஸின் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது.

"கழட்டிட்டேன். நீ கெளம்பி வா," என்றார். லைன் கட்டானது.

ரயிலில் உட்கார இடம் இருந்தது. நான் கதவோரம் நின்றுகொண்டேன். நைனாவைப் பற்றிய பயம் இறங்கின இடத்தில் என்னைப் பற்றிய பயம் ஏறியது. கவரைப்பேட்டை தாண்டும்போது, வேலை போனால் அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி, "ஞாயித்துக்கெழமகூட உட மாட்றாங்களா ஒன்ன? பெரிய ஆபீசர் ஆயிட்ட நீ," என்றார். போனை லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பேனல் ரூமில் இன்சார்ஜ் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தார். கழற்றிய நீல ஒயர் அவர் மடியில் கிடந்தது. முதலில் யாராவது உள்ளே வந்தார்களா பார் என்றார். பார்த்தேன். வந்து போன பதிவில், பன்னிரண்டு ஆறுக்கு யாரோ உள்ளே வர முயன்றிருந்தார்கள். மூன்று தடவை. பழைய பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார்கள், கழித்தல் குறி போட்ட வரியில் இருந்ததை. அதனால் கதவு திறக்கவில்லை. இன்சார்ஜ் ஒயரைப் பிடுங்கியது பன்னிரண்டு ஒன்பதுக்கு. நடுவில் இருந்த மூன்று நிமிடத்தில் அந்த ஆள் அடுத்த வரியைப் படிக்கவில்லை, அல்லது படித்துக்கொண்டிருந்தான். அண்ணனைக் கேட்டோம், இன்சார்ஜ் தன் போனையும் எடுத்துப் பார்த்தார். எங்களில் யாரும் இல்லை. யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெப்பநிலையை மாற்றுகிற வழியைப் பற்றியும் அப்போதே சொல்லிவிட்டேன்.

"பாக்கறதுக்குத்தானே கேட்டேன் நான்."

"ஆமா சார்."

"ஒங்கப்பன் அங்கதான்டா நிக்கிறான்."

"தெரியும் சார்."

அதைவிட அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. எல்லாவற்றையும் எழுதிக் கொடு என்றார். அங்கிருந்த கம்ப்யூட்டரின் கீபோர்டை இழுத்தேன்.

"அத விடு. இன்னிக்கி நீ அனுப்புன மெயில் போதும். பேப்பர்ல எழுது. கஸ்டமருக்கும் சொல்லியாகணும். நாளைக்கு எம்டி கிட்ட வைக்கிறேன், அவரு பாத்து என்ன சொல்றாரோ." கொஞ்சம் பொறுத்து, "வெளிய இருந்து பாக்க வழி வைன்னு சொன்னது நான்னு எழுதாத," என்றார். பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "எழுதிடு. அதையும் எழுதிடு," என்றார்.

அந்தக் கடிதத்தின் பலனை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீண்டது. கஸ்டமரின் ஆட்கள் மூன்று பேர் வந்து இரண்டு நாள் பேனல் ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் அவர்கள் கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவும் தெரியாது.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது நைனா டீ குடிக்க வந்தார். சட்டைக் கை இரண்டும் எண்ணெய்க் கறுப்பு. செக்யூரிட்டி சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னாடா, லீவு நாள்ல பரிச்ச எழுதிக்கினு கீற?"

சொன்னேன். பேட்ச், பட்டியல் என்று எதுவும் சொல்லவில்லை. கம்பெனி ரகசியத்தை மெயிலில் தெரியாமல் வெளியே அனுப்பிவிட்டேன் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேல பூடுமா?"

"தெரில நைனா."

"எனக்கு?"

அதுவரை எனக்காகத்தான் அவர் பயப்படுவதாக நினைத்திருந்தேன். அவருக்கென்று ஒரு பயம் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வருடா வருடம் மார்ச் மாதத்தில் கான்ட்ராக்டரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற மனுஷன்.

"உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றேன். எனக்கு அது தெரியாது.

"அவுங்களா புடிச்சாங்களா, நீயா சொன்னியா?"

"நானாதான் சொன்னேன்."

"ஏன்டா?"

நீ எண்ணெய்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இனி ஒவ்வொரு கூடைக்கும் பயந்து நிற்பார். அந்த வேலையில் பயந்து நிற்கிறவன் கைதான் நழுவும்.

"சொல்லணும்னு தோணிச்சி."

"தோணிச்சாம்." டீயை ஒரே மூச்சில் குடித்தார். "கேக்கற வரிக்கும் கம்முனு இருந்திருக்கலாம் இல்ல. இங்க வந்து எவன்டா தானா வாயத் தொறக்கறான்? படிச்சவன் பண்ற வேலையா இது?"

மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்சார்ஜ் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போ என்றார். ஒயர் வெளியே கிடந்தது, யாராலும் உள்ளே வர முடியாது, பாஸ்வேர்டும் மாற்றியாயிற்று. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. போகிறேன் சார் என்று சொல்லிவிட்டு, பேனல் ரூம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பேனலில் சிவப்பு எண் தெரியும், இன்னொரு பக்கம் தொட்டியும் நைனாவின் முதுகும் தெரியும். எண்ணூற்று நாற்பது. எண்ணூற்று நாற்பத்தொன்று ஆனபோது கதவைத் திறக்கக் கை போனது. மறுபடியும் நாற்பது. ஒரு கூடை இறங்கியது, புகை வந்தது, அடங்கியது. அடுத்த கூடை வந்தது.

ஆறு மணிக்கு அவர் ஷிஃப்ட் முடிந்து கை கழுவப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.